ஹென்றி போர்ட்டின் கம்பனியும் நாமும்

மோட்டார்க் காரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மோட்டார் முதலாளிகளின் சரித்திரத்தையே எழுதி முடித்திருக்கின்றனர். அவற்றுள் ஹென்றி போர்ட் ஒரு குபேரனாகவும், ஞானியாகவும், ஏழைகளின் தோழனாகவும் காட்சி தருகிறார். பள்ளிக்கூடப் புத்தகங்களில் நுழைந்துவிட்ட இந்தச் சித்திரம் எளிதில் அழிவதன்று. அண்மையில், அளவெட்டியில் என்னிடம் பொருளியல் படிக்கும் மாணவனொருவன் எழுந்து, “எட்டு மணி நேர வேலையையும் இரட்டிப்புச் சம்பளத்தையும் தானாகவே முன்வந்து கொடுத்தவர் போர்ட் அல்லவா, சேர்? பிறகு தொழிற்சங்கம் எதற்கு?” என்று கேட்டான். நல்ல கேள்வி. வகுப்பு மணிக்குள் அடங்கும் விடை அதற்கில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1863-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்துக் கமக்காரர் குடும்பமொன்றிற் பிறந்தவர் ஹென்றி போர்ட். இரு முறை கம்பனி தொடங்கித் தோற்ற பின்னர், 1903 ஜூன் 16-ல் டெட்ராய்ட் நகரத்தில் போர்ட் மோட்டார் கம்பனி பதிவு செய்யப்பட்டது. கையிலிருந்த ரொக்கம் 28,000 டொலர் மாத்திரமே. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1908-ல், ‘ரீ’ மாதிரிக் கார் வெளிவந்தது. அன்றைய கார்கள் செல்வச் சீமான்களின் விளையாட்டுப் பொருள்கள். இதுவோ சேற்றிலும் மேட்டிலும் ஓடக்கூடியது, கமக்காரன் தானே திருத்திக்கொள்ளக்கூடியது. முதலில் அதன் விலை 850 டொலர் அளவில் இருந்தது. 1920-களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது. 1927-ல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் ஓடுபாதைக்கு வந்துவிட்டன.

விலை எவ்வாறு இறங்கிற்று? முதலாளியின் கருணையால் அன்று என்பது தெளிவு. சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில், வெட்டிய மாட்டுடல் மேலே தொங்கும் கொளுவியில் நகர்ந்து செல்ல, நின்ற இடத்திலே நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வோர் உறுப்பை அறுத்தெடுப்பான். போர்ட்டின் பொறியியலாளர் அதனைத் தலைகீழாக்கினர். உறுப்பு உறுப்பாகப் பிரிப்பதற்குப் பதிலாக, உறுப்பு உறுப்பாகச் சேர்த்தனர். 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை அமைந்தது. அதற்கு முன் ஒரு காரின் அடிச்சட்டகத்தைப் பொருத்தி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது. 1914 வசந்த காலத்தில் 93 நிமிடம் போதுமாயிருந்தது.

அந்த 93 நிமிடத்துக்குள் மனிதனுக்கு நேர்ந்தது என்ன? ஒருவன் ஆணியைச் செருகுவான்; அடுத்தவன் சுரையைப் போடுவான்; மூன்றாமவன் அதை முறுக்குவான். செருகியவன் முறுக்கக் கூடாது. முன்பு ஒரு காரை முழுவதும் அறிந்திருந்த கைத்தொழிலாளியின் அறிவைக் கம்பனி கைப்பற்றிப் பொறியியலாளரின் மேசைக்குக் கொண்டு சென்றது. எஞ்சியது கையின் அசைவு மட்டுமே.

இங்கே எங்கள் ஊர்ச் சங்கதியொன்றைச் சொல்ல வேண்டும். அளவெட்டி தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் வாழ்ந்த மண். தவில்காரரின் கையும் ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்கிறது, அந்தக் கையும் நோகிறது, விரற்கூடு இறுகுகிறது. ஆயினும் காலப்பிரமாணம் அவருடையது. எங்கே நிறுத்துவது, எங்கே இரட்டிப்பது, எங்கே நாதஸ்வரக்காரருக்கு இடங்கொடுப்பது என்பன அவருடைய புத்தியிலிருந்து பிறக்கின்றன. போர்ட்டின் தொழிற்சாலையிலோ காலப்பிரமாணத்தை வகுப்பது ஓடும் வரிசை. வரிசையின் வேகத்தை வகுப்பது மேலாளர். மனிதன் தாளத்துக்கு அடிமைப்பட்ட பக்கவாத்தியம். 1923-ல் இத்தொழிற்சாலையை நேரிற் பார்த்த சார்லி சாப்ளின், 1936-ல் ‘மொடேர்ன் டைம்ஸ்’ படத்தில் சுரை முறுக்கி முறுக்கிப் புத்தி பேதலித்த தொழிலாளியாக நடித்ததை நாம் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் டெட்ராய்ட் தொழிலாளர் சிரிக்கவில்லை. அவர்கள் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டோடினர். 1913-ல் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்குக் கம்பனி 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தச் சூழ்நிலையிலேதான் 1914 ஜனவரி 5-ல், நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்ற புகழ்பெற்ற அறிவித்தல் வந்தது. மாணவன் குறிப்பிட்ட இரட்டிப்புச் சம்பளம் இதுவே. வேலை நேரமும் ஒன்பதிலிருந்து எட்டாயிற்று. எட்டு மணி நேரமானால் இருபத்துநான்கு மணிக்குள் மூன்று முறை ஆள் மாற்றி யந்திரத்தை ஓயாமல் ஓட்டலாம் அல்லவா? எட்டு மணி நேரக் கோரிக்கைக்காகச் சிக்காகோ வீதிகளில் 1886 மே மாதத்தில் இரத்தஞ் சிந்தப்பட்டபோது ஹென்றி போர்ட் இருபத்திரண்டு வயது இளைஞர். அக்கோரிக்கையை அவர் கண்டுபிடிக்கவில்லை. பிறர் செத்துப் பெற்ற உரிமையை இலாபக் கணக்கில் எழுதத் தெரிந்தவர் அவர்.

மேலும் அந்த ஐந்து டொலர் எல்லோர்க்கும் கிடைத்ததன்று. அதிற் பாதி சம்பளம். மறுபாதி ‘இலாபப் பங்கு’. பங்கைப் பெறுவதற்கு நல்லொழுக்கம் வேண்டும். அதனை அளப்பதற்குக் கம்பனி ‘சமூகவியற் பகுதி’ என்றொரு பகுதியையே திறந்தது. அதன் பரிசோதகர்கள் தொழிலாளியின் வீட்டுக் கதவைத் தட்டினர். குடிக்கிறானா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறானா, மனைவி வெளியே வேலைக்குப் போகிறாளா, சேமிப்புப் புத்தகத்தில் எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொண்டனர். வேற்று நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்குக் கம்பனி ஆங்கிலப் பள்ளி நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழாவில் மேடை நடுவே ஒரு பெருங் கொப்பரை வைக்கப்பட்டிருக்கும். தத்தம் நாட்டு உடையில் ஒருபுறமாக அதற்குள் இறங்கியவர்கள், மறுபுறம் ஒரே மாதிரி அமெரிக்க உடையில் ஏறி வருவர். மொழிக்காகவும் அடையாளத்துக்காகவும் எத்தனையோ கண்ட நம் மக்களுக்கு இக்காட்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பொருளாதார வீழ்ச்சி வந்ததும் கருணையின் சாயம் வெளுத்தது. 1932 மார்ச் 7-ல், வேலையிழந்த மூவாயிரம் பேர் டெட்ராய்டிலிருந்து டியர்போர்னிலுள்ள ரூஜ் தொழிற்சாலையை நோக்கிப் பசி ஊர்வலமாகச் சென்றனர். வேலை கொடு, மருத்துவ உதவி கொடு, நீக்ரோத் தொழிலாளருக்கு எதிரான பாகுபாட்டை நிறுத்து என்பன அவர்கள் கோரிக்கைகள். பொலிசாரும் கம்பனிக் காவலரும் சுட்டனர். நால்வர் அவ்விடத்திலே மாண்டனர். காயமுற்ற ஐந்தாமவர் பின்னர் இறந்தார். 1937 மே 26-ல், தொழிற்சாலை வாயிலுக்கருகே துண்டுப் பிரசுரம் வழங்கச் சென்ற வால்டர் ரூதர் முதலிய சங்கத்தாரைக் கம்பனியின் அடியாட்கள் படிக்கட்டில் உருட்டி அடித்தனர். புகைப்படக்காரரின் தகடுகளையும் பறிக்க முனைந்தனர். ஒருவர் தம் தகடுகளை மறைத்துக் காப்பாற்றியதால் உலகம் அதைக் கண்டது. ஏனைய மோட்டார்க் கம்பனிகள் சங்கத்தை ஏற்ற பிறகும் எதிர்த்து நின்ற போர்ட், 1941 ஏப்ரல் வேலை நிறுத்தத்தின் பின்னரே பணிந்தார். மாணவனின் இரண்டாவது கேள்விக்கு இதுவே விடை.

யூத மக்கள் மீது நஞ்சு கக்கிய பத்திரிகையொன்றை 1920-களில் தம் பணத்தால் நடத்தியவரும், 1938-ல் ஹிட்லர் ஆட்சியின் பதக்கத்தை ஏற்றவரும் இதே போர்ட்தான். நம் தரப்பார் அவரிடம் ஏமாறவில்லை என்றும் பெருமை பேச முடியாது. 1929-ல் சோவியத் அரசு போர்ட் கம்பனியோடு ஒப்பந்தஞ் செய்து கார்க்கி நகரத்தில் தொழிற்சாலை எழுப்பியது. யந்திரத்தை எடுத்துக்கொண்டு முதலாளியை விட்டுவிடலாம் என்ற நம்பிக்கை. யந்திரத்தோடு அதன் வேகமும் கூடவே வந்துவிடும் என்பதைச் சிறையிலிருந்து குறிப்பெழுதிய கிராம்சி போன்ற சிலரே ஆழ்ந்து சிந்தித்தனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காருக்கு நான்கு சில்லு, சில்லுக்கு றப்பர். பிரேசில் காட்டிலிருந்து 1876-ல் ஹென்றி விக்ஹாம் கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. கன்றுகளிற் பெரும்பகுதி, ஏறத்தாழ 1,900, இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவுக்கருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களுக்கு அங்கேதான் வித்திடப்பட்டது எனலாம். மோட்டார் யுகம் பிறந்ததும் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் காடுகள் அழிந்து றப்பர் மரங்கள் அணிவகுத்தன. விடியுமுன் எழுந்து, மரம் மரமாகப் பட்டையைச் சீவிப் பாலெடுத்த கைகளுள் தமிழ்நாட்டு வறண்ட கிராமங்களிலிருந்து வந்த கைகள் ஏராளம்.

முதல் உலகப் போருக்குப் பின் றப்பர் விலை விழுந்தது. பிரிட்டிஷ் அரசு 1922-ல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் றப்பரைக் கட்டுப்படுத்தியது. 1925-ல் விலை துள்ளி எழுந்தது. அமெரிக்க முதலாளிகள் துடித்தனர். பயர்ஸ்டோன் லைபீரியாவுக்குப் போனார். போர்ட் பிரேசிலுக்குப் போனார். தபஜோஸ் நதிக்கரையில் பத்தாயிரம் சதுரக் கிலோமீற்றர் அளவான நிலத்தைப் பெற்று, 1928 முதல் ‘போர்ட்லாண்டியா’ என்ற நகரத்தையே எழுப்பினார். அமெரிக்க வீடுகள், அமெரிக்க நடனம், அமெரிக்க உணவு, மதுவிலக்கு, வேலைக்கு வரும் நேரத்தைப் பதியும் கடிகாரம். 1930 டிசம்பரில் சாப்பாட்டு மண்டபத்தில் வெடித்த கலகத்தில் தொழிலாளர் அந்தக் கடிகாரங்களையும் உடைத்தனர்.

மனிதன் கலகம் செய்தான், மரமும் ஒத்துழைக்கவில்லை. அமேசன் காட்டில் றப்பர் மரம் தொலைவு தொலைவாகத் தனித்து வளர்வது. அங்கே அதற்கு இயற்கைப் பகையாக இலைகருகல் நோயைத் தரும் பூஞ்சணம் உண்டு. கார்களை வரிசையாக நிறுத்தியதுபோல் மரங்களையும் நெருக்கி நட்டபோது நோய் இலைக்கு இலை தாவிற்று. இலங்கைக்கு வந்தவை விதையிலிருந்து முளைத்த கன்றுகள். அந்தப் பூஞ்சணம் கடல் கடந்து வரவில்லை. ஆகவே இங்கே வரிசை நடுகை பலித்தது. இரண்டு கோடி டொலரளவு விழுங்கிய அத்தோட்டத்தைப் போர்ட்டின் பேரன் 1945-ல் இரண்டரை இலட்சம் டொலருக்கும் குறைந்த விலைக்குப் பிரேசில் அரசிடம் தள்ளிவிட்டான்.

போர்ட் காட்டில் தோற்றதும் நம் தோட்டங்களின் மதிப்பு உயர்ந்தது. ஜப்பான் மலாயாவைப் பிடித்தபின் நேச நாடுகளுக்கு இலங்கை றப்பரே பேருதவி. மரம் சாகும்வரை பால் வடிக்கப்பட்டது. அவ்வளவு வடித்துக் கொடுத்த மக்களுக்குக் கிடைத்த வெகுமதி 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம். மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தைத் தன் கோட்டையாகக் கொண்ட தமிழ்க் காங்கிரஸ் அந்த அரசாங்கத்திற் சேர்ந்து மந்திரிப் பதவி ஏற்றது என்பதையும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களாகிய நாம் வகுப்பில் மறைக்காமற் சொல்ல வேண்டும். றப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி பெற்ற 1952-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி எல்லோரும் பெருமையுடன் பேசுகிறோம். அந்த றப்பரைச் சீவியவனுக்கு அப்போது வாக்குரிமை இல்லை.

மோட்டார் வந்தால் பழைமை உடையும் என்று நம்பியவர்கள் உண்டு. றெயில் பாதை இந்தியாவின் பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைக்கும், சாதி அதன்மேல் நிற்பதால் அதுவும் கரையும் என்று மார்க்ஸே 1853-ல் எழுதினார். யாழ்ப்பாணத்தின் அநுபவம் அவ்வளவு சுலபமானதன்று. வெளிநாட்டிலிருந்து வந்த அடிச்சட்டகத்தின்மேல் உள்ளூர்த் தச்சர் மரக்கூடு கட்டிய தனியார் பஸ்கள் நம் வீதிகளில் ஓடின. அவற்றின் யந்திரம் இருபதாம் நூற்றாண்டுக்குரியது. ஆசனமோ மனுவின் காலத்துக்குரியது. ஒடுக்கப்பட்ட மக்கள் காசு கொடுத்தும் ஆசனத்தில் அமர முடியாதிருந்தது. 1957-ல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமும் வந்தன. அதன்பின்னும், அளவெட்டியிலிருந்து சைக்கிளில் சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968-ல் ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் அடிபட வேண்டியிருந்தது. மோட்டார் கதவைத் திறந்துவிடவில்லை. திறந்தவை மக்களின் கால்கள்.

தமிழ் மண்ணில் போர்ட் கம்பனி கால் வைத்த கதை 1926-ல் தொடங்குகிறது. பேரரசுச் சுங்கச் சலுகையைப் பெறுவதற்காகப் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் சந்தை கனடாக் கிளையிடம் விடப்பட்டிருந்தது. அதன் உபகம்பனியாகப் போர்ட் இந்தியக் கம்பனி அமைந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில், மரப்பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களைப் பொருத்திக் கார்களும் லொறிகளும் ஆக்கினர். செய்தனர் என்று எழுதக் கை வரவில்லை, பூட்டினர், அவ்வளவே. சுதந்திர இந்தியா 1953-ல், இந்நாட்டிலேயே பாகங்களைச் செய்யத் திட்டமில்லாதவர்கள் வெறும் பொருத்து வேலையை நிறுத்திக்கொள்ளட்டும் என்றது. போர்ட்டும், ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கால் நூற்றாண்டுக்கு மேல் இங்கே சம்பாதித்தும் ஒரு யந்திரத்தை முழுமையாகச் செய்யும் அறிவை இவை விட்டுச் செல்லவில்லை.

இதற்கிடையில் 1941-ல் ஹென்றி போர்ட் காந்தியடிகளுக்குப் பாராட்டுக் கடிதம் எழுத, அவர் பதிலுக்குத் தம் கையொப்பமிட்ட இராட்டையொன்றை அனுப்பினார். அது டியர்போர்ன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இந்த அன்பளிப்பில் காந்தியடிகளின் நகைச்சுவையைக் காண்பவன் நான். கண்ணீர் மல்குவோர் மல்கட்டும்.

போர்ட் கார்கள் நம் பகுதிக்கு இங்கிலாந்தின் டேகன்ஹாம் தொழிற்சாலையிலிருந்து வந்தன. 1931-ல் திறந்த தொழிற்சாலை அது. 1968-ல் அங்கே ஆசனத் துணி தைத்த 187 பெண்கள் தம் வேலையைத் தேர்ச்சியற்றதெனத் தரங்குறைத்ததை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்து, 1970-ஆம் ஆண்டுச் சம சம்பளச் சட்டத்துக்கு வழி திறந்தனர். அவர்கள் தைத்த வகை ஆசனங்களில் நம்மவர் பலர் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருப்பர்.

யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் செத்ததே இல்லை. ஒஸ்டின் ஏ-40, மொரிஸ் மைனர், போர்ட் பிரிபெக்ட் ஆகியன அரை நூற்றாண்டு கழிந்தும் வாடகைக்கு ஓடின. 1990-ல் பெற்றோல் தடைப்பட்டது. அதன் பின்னான ஐந்து ஆண்டுகளில் அவை மண்ணெண்ணெயில் ஓடிய அதிசயத்தை என் சிறுபிராயத்தில் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கருகே பனையோலைக் கொட்டிலொன்றிற் கராஜ் வைத்திருந்த முதியவரை எல்லோரும் ‘மேஸ்திரியார்’ என்போம். பெற்றோல் சொட்டுக் கணக்கில் விற்கப்பட்ட காலம். காபரேட்டருக்குள் சில துளி விட்டு யந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, குளிர்ந்த யந்திரத்தில் அது பற்றாது, சூடு வேண்டும். ஆறாம் வகுப்பு விஞ்ஞானத்தை நான் அவரிடமே கற்றேன். உடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் எந்தக் கடையிலும் இல்லை. அவர் பட்டறைக் கொல்லரிடம் போய், இரும்பைக் காய்ச்சி, அராவி, அளந்து, தாமே செய்வித்தார். ஒரு நாள், “அண்ணை, இதைச் செய்த வெள்ளைக்காரனுக்கே இது தெரியுமோ?” என்று யாரோ கேட்டார்கள். “அவன் ஒராள் செய்தவனில்லையே தம்பி. ஆயிரம் பேர் ஆளுக்கொரு ஆணி அடிச்சவங்கள். அதிலை ஒருத்தனுக்கும் முழுக் கார் தெரியாது” என்றார் மேஸ்திரியார். போர்ட் முறையைப் பற்றி எத்தனையோ நூல் படித்த பின்னரும் இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கண்டதில்லை. 1995 அக்டோபரில் வலிகாமமே பெயர்ந்தபோது அவரும் பெயர்ந்தார். கொட்டில் திரும்ப எழவில்லை.

அவரைப் புகழும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. தடையும் போரும் திணித்த வறுமையை நாம் சுயசார்பு என்று பாடிக்கொண்டிருக்க முடியாது. அந்த அறிவு பட்டினியால் விளைந்தது; அதற்குச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை.

மேஸ்திரியார் பெயர்ந்த அதே 1995-ல்தான் போர்ட் கம்பனி மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தது. அரசாங்கம் சலுகைகள் வழங்கி வரவேற்றது. இடம், சென்னைக்குத் தெற்கே மறைமலைநகர். வடமொழிக் கலப்பைக் களைய வந்த அடிகளின் பெயரிலே ‘ஐகான்’ பிறந்தது. இம்முறை வெறும் பூட்டு வேலையன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யந்திரங்களும் அங்கேயே ஆக்கப்பட்டன. ‘ஈகோஸ்போர்ட்’ கார்கள் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாயின. கிராமத்துப் பிள்ளைகள் பலர் அங்கே தொழில் பயின்று வீடு கட்டினர். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினர்.

2021 செப்டம்பர் 9-ல், பத்து ஆண்டுகளில் இருநூறு கோடி டொலருக்கு மேல் நட்டம் என்று காட்டி, மறைமலைநகரிலும் குஜராத் மாநிலத்துச் சானந்திலும் உற்பத்தியை நிறுத்துவதாகக் கம்பனி அறிவித்தது. ஏறத்தாழ 4,000 பேரின் வேலை ஒரு நாளில் ஊசலாடியது. சானந்துத் தொழிற்சாலையை டாட்டா நிறுவனம் வாங்கித் தொழிலாளரையும் ஏற்றது. மறைமலைநகருக்கு அவ்வாறு யாரும் வரவில்லை. 2022 மே மாத இறுதியில் தொழிலாளர் நியாயமான நட்ட ஈடு கேட்டு வேலை நிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் கடைசிக் கார் வரிசையை விட்டிறங்கியது. நாற்பது வயதிலே, கதவுக்கு ரப்பர்ப் பட்டி ஒட்டுவதில் மட்டும் வல்லவனாக்கப்பட்ட மனிதன் வேறெந்த வாயிலைப் போய்த் தட்டுவான்? முழுக் காரையும் அறியவிடாமல் இருபது ஆண்டுகள் வேலை வாங்கியவர்கள் விட்டுச்சென்ற கேள்வி இது. நட்ட ஈட்டுக் கணக்கில் அதற்குப் பத்தியில்லை.

2024 செப்டம்பரில் கம்பனி தமிழ்நாட்டு அரசிடம் விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31-ல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 3,250 கோடி ரூபா முதலீடு; 2029 முதல் ஆண்டுக்கு 2,35,000 யந்திரங்கள்; கார்கள் அல்ல, யந்திரங்கள் மட்டும்; அனைத்தும் ஏற்றுமதிக்கு. கிடைக்கும் வேலை அறுநூறு சொச்சம் என்று சொல்லப்பட்டது.